தலைத்திண்டின் உயரம்

அன்புள்ள உங்களுக்கு,

கழுத்து வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

இன்று காலை பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக, நேற்று நானே பொருத்திய தலைத்திண்டைக் கழற்றினேன். சாய்ந்துகொண்டு ஓட்டும் சைக்கிள் என்று எழுதியிருந்தேனே, அதில்தான். நேற்று சாயங்காலம் அதை வாங்க வந்த டீச்சரம்மா உட்கார்ந்து பார்த்தார். திண்டு உச்சந்தலைக்கு மேலே நின்றது. கைப்பிடி எட்டவே இல்லை. அவர் அளவுச்சீட்டு என் பையிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் என் கை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டது.

“யாருக்கும்மா அளவெடுத்தே, ஒட்டகச்சிவிங்கிக்கா?” என்றார் முதலாளி.

“வீட்டுல ஒண்ணு இருக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு சின்ன வேலை. நம்ம பெரியவளிடம் டேப்பைக் கொடுத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பிடரி வரை எவ்வளவு என்று அளக்கச் சொல்லி எழுதுங்கள். என் ஞாபகம் சரிதானா என்று பார்க்கத்தான். உங்கள் கை நீளமும் வேண்டும்.

சாப்பாட்டு மணி முடியப்போகிறது, அவசரமாக முடிக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி முதலாளி கொடுத்த தாள் என் மேசையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அதைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.