முப்பதில் நின்ற மானி

நிலவின் தென்முனை நிலையம், உலைப் பிரிவு
பதிவு: பெனிட்டா மரியதாசன், பொறியாளர்

நாள் 212 – 08:10
மண் உலையில் பதினான்காம் சுற்று முடிந்தது. ஹைட்ரஜனில் சுட்ட மண் எதிர்பார்த்த அளவு தண்ணீர் தந்தது. எஞ்சிய ஹைட்ரஜனை உறிஞ்சி உலையை வெற்றிடமாக்கியாயிற்று. இனி வேறொரு வாயுவை நிரப்பி, உள்ளழுத்தத்தை அறையின் அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால்தான் மூடி திறக்கும். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. இன்று முதல் ஆர்கான். இசக்கியப்பன் அண்ணன் உலை அறையில், நான் கட்டுப்பாட்டு அறையில். நிலையத்தில் நாங்கள் இருவர்தான்.

08:55
அறையைப் போல உலையிலும் ஆயிரம் மில்லிபார் வர வேண்டும். வெற்றிடமானி முப்பதில் நிற்கிறது.
அண்ணன் வானொலியில்: "பெனிட்டா, முப்பதுலயே நிக்கி. ஆர்கான் வால்வ இன்னும் கொஞ்சம் தொறக்கட்டா?"
"தொறங்கண்ணே."

09:05
மானி உலையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து அவர் இடுப்பில் அடித்திருக்கிறது. அதிர்ச்சியில் ஹைட்ரஜன் குழாய் விரிசல் விட்டுவிட்டது. கசிவை உணர்ந்ததும் பாதுகாப்புக் கருவி அறையின் மின்சாரத்தைத் துண்டித்துக் கதவைப் பூட்டியது. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

09:40
பூமியின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கஸ்தூரிரங்கன்: "அந்த மானி நைட்ரஜனுக்குச் சரிபண்ணதும்மா. சூடான கம்பியிலேர்ந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுக்குதுன்னு பாத்துதான் அழுத்தத்தைச் சொல்லும். ஆர்கான் கம்மியாதான் எடுக்கும். உலைக்குள்ள ஆயிரம் வந்தப்பவும் அது முப்பதுதான் காட்டியிருக்கும்."
நாங்கள் அதற்கு மேலும் திறந்தோம்.

10:20
கதவு மின்சாரத்தில்தான் திறக்கும். மின்சாரம் கொடுத்தால் உலையின் இரண்டாவது மானியும் உயிர் பெறும். வெற்றிடத்தில் மட்டும் எரிய வேண்டிய இழை அதில் இருக்கிறது. முதல் மானி பிய்ந்த துளை வழியே உலை இப்போது அறையைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அறை முழுக்க ஹைட்ரஜன். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.
கதவைக் கையால் திறக்கும் சக்கரம் உள்பக்கம் மட்டுமே உண்டு.
அண்ணன்: "கரண்டப் போட்டுராத. அந்த இழை செவந்துச்சுன்னா நீயும் மிஞ்ச மாட்ட."
"சக்கரம் எட்டுதாண்ணே?"
"எந்திரிக்க முடியல தாயி."
"வலிக்குதா?"
"குளிருது."

11:30
அவர் வானொலி பேசவில்லை. ஆர்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளியிருக்கும் என்று கஸ்தூரிரங்கன் சொன்னார். "இனிமே நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா" என்றார்.
உப்புமா பொட்டலத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். பசித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

12:40
இதைப் படிப்பவர்களுக்கு: உலை அறைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். முதலில் வெளிச்சுவரைத் துளைத்து வாயுவை நிலவின் வெற்றிடத்துக்கு விட்டுவிடுங்கள். உள்ளே உயிரோடு யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகு.

13:15
உள்ளிருந்து தட்டுவது போலச் சத்தம். விட்டுவிட்டு வருகிறது. பூமிக்குச் சொன்னேன்.
கஸ்தூரிரங்கன்: "குளிர்ல குழாய் சுருங்குதும்மா. அவ்வளவுதான்."
குழாய் என்று பதிவு செய்கிறேன்.

13:30
கதவருகே போய் ஒருமுறை பதிலுக்குத் தட்டினேன்.
சத்தம் நின்றது.
பிறகு, வேகமாக, உள்ளிருந்து பதில் தட்டு.