வற்றக் காய்ச்சிய தண்ணீர்

என் வதனிக் குஞ்சுக்கு,

உன் மகளின் உதடு சிவந்துவிட்டது. இன்று காலை வார்ட்டுக்கு வந்த குழந்தை வைத்தியர் சொன்னார். நானும் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். விரல் நகங்களில் மட்டும் சாம்பல் நிறம் லேசாக நிற்கிறது. அதுவும் போகும் என்கிறார். எப்போது என்று சொல்லவில்லை, நானும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டேன்.

நீ இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பாய். "அக்கா, பேப்பர்ல எழுதுற மாதிரி இழுக்காம, என்ட புள்ளைக்கு என்ன எண்டு சொல்லு!" இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது, வதனி. முதலில் இருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

பிள்ளையைப் பெற்ற மறுநாள் நீ இரத்தம் நிற்காமல் போனாய். உன் பால் அவளுக்குக் கிடைக்கவில்லை, பால்மாதான். கட்டாரில் வேலையில் இருந்த உன் ரகு செத்தவீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நானும் பத்திரிகை வேலைக்காக டவுனில் எடுத்திருந்த அறையைப் பூட்டிவிட்டு, வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் அப்பா உனக்குச் சீதனமாகக் கட்டித்தந்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போத்தல் வேலையை ரகு வேறு ஒருவர் கையில் விடவில்லை. பொழுது படும்போதே இரவுக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். போத்தல்களையும் சூப்பிகளையும் அவித்தெடுத்து வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பார். பால்மாவைக் கரண்டியில் தலைதட்டி அளந்து, மூடியுள்ள சின்னக் கிண்ணங்களில் போட்டு அடுக்குவார். காய்ச்சிய தண்ணீரில் ஒரு பங்கு சுடுதண்ணிப் போத்தலுக்குள் போகும், மற்றப் பங்கு கேத்தலில் ஆறும். பிள்ளை சிணுங்கியதும் இரண்டையும் கலந்து, மாவைக் கொட்டிக் குலுக்கி, மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கட்டாரில் கிரேன் ஓட்டிய மனிதர். அந்தச் சொட்டு விழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தண்ணீர் உன் கிணற்றுத் தண்ணீர். வேறு எதை எடுப்பார்? ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்து கனகாலம் ஆகிவிட்டது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு கிணற்றடியில் நின்று நீ தொலைபேசியில் அவருக்குச் சொன்னது உன்னைப் பார்க்க வந்திருந்த எனக்கும் கேட்டது. "மருந்து மணக்கிற பைப் தண்ணிய என்ட புள்ளைக்குக் குடுக்கமாட்டன். என்ட கிணத்துல இளநி மாதிரி ஊறுது." நீ போன பிறகு அந்தச் சொல்லை மீற யாருக்கு மனம் வரும்?

எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீர் கொதித்தால் மட்டும் போதாது, வற்றவும் வேண்டும். கசாயம் மாதிரி அரைவாசியாகும் வரை அடுப்பில் கிடக்க வேண்டும். மிட்வைஃப் வீட்டுக்கு வந்தபோது கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். வற்றவிடச் சொல்லவில்லை. வற்றவிட்டது நாங்கள், எங்கள் வழக்கப்படி.

மாரி மழை தொடங்கி, கிணற்றில் தண்ணீர் மேலே ஏறியது. அதோடு பிள்ளையின் வாயைச் சுற்றி ஒரு மங்கல் வந்தது. பக்கத்து வீட்டு மலரக்கா வந்து பார்த்தா.

"குளிர் பட்டிருக்கு தம்பி. தண்ணிய இன்னும் கொஞ்சம் வத்தவிடு. மறுகா பாரு, புள்ள எப்பிடித் தேறுது எண்டு."

ரகு இன்னும் வற்றவிட்டார். பிள்ளை தேறவில்லை. ஆனால் அழுகையைக் குறைத்துக்கொண்டாள். பாலைக் குடிப்பாள், பாதியில் கண் சொருகிவிடும். ஒழுங்கையில் எல்லோரும் மெச்சினார்கள். "இதென்னகா, இப்படி ஒரு தங்கமான புள்ள! சத்தமே இல்லையே." நாங்களும் சந்தோஷப்பட்டோம், வதனி. அழாத பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள் முற்றத்தில் வைத்து அவளைக் குளிப்பாட்டினோம். உதடு நாவற்பழம் தின்ற வாயைப் போல இருந்தது. "தாய் மாதிரி நாவப்பழக் கள்ளி," என்று சிரித்தபடி ரகு அவள் கையைத் தூக்கி முத்தமிடப் போனார். நகங்களும் அதே நிறம். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலேயே கிடக்க, கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. துவாயில் சுற்றியபடியே ஆட்டோவில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. வைத்தியர் குத்தி எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அது சிவக்கவில்லை. பால் விடாத கோப்பியின் நிறத்திலேயே காய்ந்தது. பிறகுதான் கேட்டார்.

"பால் எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?"

"கிணத்துத் தண்ணி, டொக்டர்," என்றார் ரகு. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "நல்லா வத்தக் காய்ச்சி. அரைவாசிக்கும் கீழ."

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார்.

அவர் விளக்கியதை விளங்கியபடி எழுதுகிறேன். காய்ச்சினால் கிருமி சாகும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சியதில் அது தடிக்கும். நைத்திரேற்று என்ற உப்பு உரத்தில் இருந்தும் மலகூடக் குழியில் இருந்தும் மணலுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் மாறாது. வளர்ந்தவர்கள் குடித்துவிட்டு நடமாடுவார்கள். சில மாதமே ஆன பிள்ளைக்கு அது மூச்சுக் காற்றைச் சுமக்கவிடாமல் இரத்தத்தையே கெடுத்துவிடும். உன் பிள்ளைக்கு நடந்தது அதுதான் என்பதை இரத்தப் பரிசோதனை உறுதி செய்திருக்கிறது. அந்த உப்பு உன் கிணற்றில் இருந்து வந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை.

மருந்தும் நீல நிறம்தான். ஊசியில் மை நிரப்பியது போல இருந்தது. ஏற்றிய பிறகு பிள்ளை பச்சையும் நீலமுமாக மூத்திரம் பெய்ய, ரகு துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நேர்ஸ் அவரை இருத்தினா. "பயப்படாதீங்க, மருந்துதான் போகுது. பேப்பர்க்காரி வீட்டுப் புள்ள, மையாத்தானே பெய்யும்?" அன்றைக்கு அங்கே சிரித்தது அவ ஒருத்திதான்.

அன்றே நான் ஒழுங்கைக்குத் திரும்பிப் போனேன். பின்வளவு வேலி இடுக்கால் வந்து உன் கிணற்றில் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மலரக்காவின் மகளுக்கு இது பிள்ளை பிறக்கும் மாதம். மலரக்கா குடத்தோடு நிற்க, நான் குறுக்கே போய் நின்றேன்.

"மலரக்கா, தண்ணிய சோதிச்சு முடிவு வரும் வரைக்கும் இதுல அள்ளவேணாம். குழாய்த் தண்ணி எடுங்க."

"என்ன புள்ள சொல்றாய்? இந்தத் தண்ணியிலதான் என்ட மூணும் வளந்தது."

"அப்ப இருந்த தண்ணி வேற மாதிரி இருந்திருக்கும் அக்கா. தெரியாது. பாத்திட்டுச் சொல்லுவாங்க."

"தெரியாதெண்டா என்னத்துக்குப் பேசுறாய்?" குடத்தை இடுப்பில் ஏற்றினா. "அவள் செத்தது காணாதெண்டு அவள்ர கிணத்துக்கும் பழி போட வந்திட்டாய். நல்ல அக்காதான் நீ."

குடம் நிறையக் கொண்டுபோனா. நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டுமா? மகளிடம் தனியாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் எதைக் குடிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரை எடுத்துப் போத்தலில் அடைத்தார். இளம் மனிதர். கிணற்றைச் சுற்றி நடந்தவர், பின்னால் இருந்த மிளகாய்ப் பாத்தியருகில் நின்று, "இது எப்ப வெச்சது?" என்று கேட்டார். நீ போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ரகு வைத்த பாத்தி அது. செடி வெளிறியிருக்கிறது என்று மழைக்கு முன் யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டார். எதிர்ப்பக்கத்தில் மலகூடக் குழி. அதற்கும் கிணற்றுக்கும் தூரம் அதிகம் இல்லை. பரிசோதகர் இரண்டையும் பார்த்தார். "முடிவுல எவ்வளவு இருக்கு எண்டுதான் வரும் அம்மா. எங்க இருந்து வந்தது எண்டு வராது."

அந்தச் சொல்தான் என்னை உறங்கவிடாமல் கிடக்கிறது. எங்கிருந்து வந்தது என்று எந்தத் தாளும் சொல்லப் போவதில்லை. ரகு தானே ஒரு பதிலை எடுத்துக்கொள்வார். எடுத்தும்விட்டார் போலத்தான் தெரிகிறது. வார்ட்டில், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் பால் கரைக்க நேர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே கரைங்க மச்சாள்." பிள்ளை அழுகிறாள் இப்போது, நன்றாக, தொண்டை கிழிய. அவர் எழும்பி வராந்தாவுக்குப் போய்விடுகிறார்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்க முன்னர் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வராந்தா வாங்குப் பலகையில் குனிந்திருந்து கேட்டார்.

"யூரியாவ எழுதியிருக்கீங்களா?"

"ஓம்."

"அது இருக்கட்டும். எடுக்கவேணாம்." பிறகு நிமிர்ந்தார். "மச்சாள், அவள் சொன்னதத்தானே நான் செஞ்சன்?"

அதற்கு நான் என்ன சொல்வேன், வதனி? ஓம் என்றால் பழி உன் மேல் விழும். இல்லை என்றால் அவர் மேல் விழும். இத்தனை காலமும் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள், இந்தக் கேள்வியை உன்னிடம் கொண்டுவருகிறேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஊரின் பெயரை எழுதவில்லை. முடிவு வராத கிணற்றின் மேல் பெயர் ஒட்டுவது சரியல்ல. ஆனாலும் உனக்கு எழுதுவதை ஊர் கேட்க எழுதுகிறேன். ஏனென்றால் கடற்பக்கம் நெடுகிலும், மணலில் கிணறு வெட்டிய வீடுகளில், இன்றைக்கும் யாரோ ஒருவர் நல்ல மனதோடு ஒரு பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீரை வற்ற வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பிள்ளையும் சத்தமில்லாத தங்கமான பிள்ளையாக இருக்கக்கூடும்.

தண்ணீரின் முடிவு வியாழன் பின்னேரம் வரும் என்று பரிசோதகர் சொல்லியிருக்கிறார். இரத்தம் இப்படியே சீராக இருந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். மூச்சு குறைந்திருந்த நாட்கள் அவள் தலைக்குள் எதையும் தொட்டுவிட்டுப் போனதா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவள் கழுத்து நின்று, உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற காலத்தில்தான் தெரியுமாம். முதல் கிளினிக் அடுத்த மாதம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் ரகுவை அடுப்படிக்குக் கூட்டிவருவேன். குழாய்த் தண்ணீர்தான், ஒரு கொதி, அவ்வளவுதான். அவருக்குப் பதிலாக நான் கரைக்கமாட்டேன். வரமாட்டேன் என்று நின்றால் அடுத்த நாளும் கூப்பிடுவேன், அதற்கடுத்த நாளும். தகப்பன் தன் கையால் பாலூட்டிய பிள்ளையாகத்தான் அவளை வளர்ப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு அக்கா,
ஜீவா