வெறும் வயிறு என்று நாம் சொன்னது

என் அருமைத் தங்கை மருதாயிக்கு,

நீ உயிரோடிருந்தவரை உன்னை ‘அருமை’ என்று நான் ஒருநாளும் விளித்ததில்லை. ‘ஏ மருதாயி’ என்பேன், ‘அடியே’ என்பேன், கோபம் மிகுந்தால் ‘சோம்பேறி’ என்பேன். இப்போது நீ மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருப்பதால் துணிந்து எழுதிவிட்டேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்.

முதலில் செய்தி. காலை ஆறே கால் ஆகிறது. நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாம் பிறந்த லயத்து வீட்டிலிருந்து இந்தக் குன்னூர் வீடு வரை, காய்ச்சலில் கிடந்த நாளிலும், ஏன், அப்பா இறந்த நாளிலும்கூட எனக்கு இப்படியொரு காலை விடிந்ததில்லை. தலை கனக்கிறது. கை தானாக அடுப்புப் பக்கம் நீள்கிறது. குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லி முடிக்கையில் எல்லாம் தெளிவாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. எனக்கே தெளிவில்லை.

நீ போய் மூன்று ஆண்டுகள் ஆயின. நீ போன மறு ஆண்டே உன் நோய் எனக்கும் வந்தது. இங்கே இருப்பவர்கள் ‘சுகர்’ என்கிறார்கள். நீ கடைசிவரை ‘சீனி வருத்தம்’ என்றே சொன்னாய். நமக்கு வருத்தம் என்றால் நோய். இந்த ஊர்க்காரர்களுக்கு அது மனத்துயரம். முதன்முதலில் உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? “ரெண்டு மாசமா வருத்தமுங்க டாக்டர்” என்றாய். அவர் கனிந்துபோய், “எதுக்கும்மா வருத்தப்படறீங்க? எல்லாம் சரியாப் போயிடும்” என்றார். நீ என் காதருகே குனிந்து, “அக்கா, இந்தாளு மருந்து குடுப்பாரா, இல்ல ஆறுதல் மட்டுந்தானா?” என்று கேட்டாய். வெளியே வரும்வரை நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வந்தபின் உன்னைத் திட்டினேன்.

இப்போது என் அசதியைப் பற்றி. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்துவிட்டு, எட்டு மணி நேரம் கொழுந்துக் கூடை சுமந்தவளைப் போல எழுந்திருக்கிறேன். நான் கூடை சுமந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நான் கல்லூரிக்குப் போனபோது நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போனாய். ஆகவே இந்த உவமை என்னுடையதன்று, உன்னுடையது. செய்தித்தாளின் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் கண் சொக்குகிறது. படுத்தால் உறக்கம் ஓடிவிடுகிறது. காட்டெருமை ஒன்று வந்து நீ நட்ட அவரைப் பந்தலைச் சரித்துவிட்டுப் போனது. மூன்று வாரமாகியும் அதை நிமிர்த்த எனக்கு வலுவில்லை. அந்த மிருகத்தின் மேல் கோபப்படக்கூட வலுவில்லை என்றால், நிலைமையை நீ ஊகிக்கலாம்.

நீயும் இதைத்தானே சொன்னாய்? உன் கணவர் இறந்தபின் இங்கே என்னோடு வந்திருந்த நான்கு ஆண்டுகளும், காலைதோறும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாய். “ஒடம்ப அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா. ராவெல்லாம் தூங்கினேனா, யாரோடயாவது மல்லுக்கட்டினேனான்னு தெரியல.”

நான் என்ன பதில் சொன்னேன்? “உனக்கு வருத்தமில்லை, சோம்பல். எழுந்து நட.”

“சரிங்க டீச்சரம்மா” என்று எழுந்து நடந்தாய். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாய். நான் அதையும் பார்த்தேன்.

உன் தலையணை உறை ஈரமாக இருக்கும். தலைக்கு எண்ணெயைக் கொட்டிக்கொள்கிறாய் என்று ஏசினேன். உன் ரவிக்கை முதுகு நனைந்திருக்கும். சன்னலை அடைத்து இரண்டு கம்பளி போர்த்துகிறாய், வேர்க்காமல் என்ன செய்யும் என்றேன். சன்னலைத் திறந்துவைத்து ஒற்றைக் கம்பளியோடு படுக்கிற எனக்கும், மார்கழிக் குளிரில், போன மாதம்வரை தலையணை நனைந்தது. நான் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம். மின்சாரம் போய்விட்டதால் பெஞ்சில் காத்திருக்க நேர்ந்தது. ரத்தம் எடுக்கும் பெண் மேட்டுப்பாளையத்துக்காரி. நல்ல பெண், வாய் மட்டும் ஓயாது. “ஏனுங்கம்மா, வெறும் வயித்தோட இவ்வளவு நேரம் உக்கார வெச்சுட்டனுங்களே, மயக்கமா வருதுங்களா?” என்றாள்.

“அதெல்லாம் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன்” என்றேன்.

“என்னது? டீங்களா?”

“பால் கிடையாது. சீனியும் போடவில்லை. வெறும் சாயம்.”

“சக்கரையே இல்லாம எப்படீங்க எறங்குது?”

“கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டால் இறங்கும்.”

அவள் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. “அப்ப அது வெறும் வயிறு இல்லீங்களேம்மா!”

“வெறும் வயிற்றில்தானே அம்மா குடித்தேன்?” என்றேன்.

இந்தப் பதிலைத் தர்க்கத்தில் யாரும் அசைக்க முடியாது என்ற நிறைவோடுதான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெரியவரும் சிரித்தார். மூன்றாவதாக நானும் சிரிக்க வாயெடுத்தேன். அப்போதுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் நான். சர்க்கரையின் மூலக்கூறைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு வகுப்பறையில் இருந்தது. காலைத் தேத்தண்ணி அடுக்களையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒருநாளும் சந்திக்கவில்லை. இதை எப்படி விளக்குவது? ஒரு மாதமாக எனக்கு நானே விளக்கிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. லயத்தில் விடியுமுன் அம்மா ஆளுக்கொரு கோப்பை சாயமும் ஒரு கடி கருப்பட்டியும் தந்து அப்பாவை மலைக்கு அனுப்புவார். “வெறும் வயித்தோடதான் போறாரு” என்பார். தேத்தண்ணி குடித்த வயிறும் நமக்கு வெறும் வயிறுதான். அதைச் சாப்பாடு என்று எண்ணியிருந்தால், நாம் பட்டினி கிடந்ததே இல்லை என்று ஆகிவிடும். நாம் கிடந்தோம். அதனால் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. பசித்திருந்த காலத்தில் அந்தச் சொல் உண்மையாக இருந்தது. அதே சொல்லை நாம் பரிசோதனைக் கூடத்துக்கும் எடுத்துக்கொண்டு போனோம்.

இனிக் கசப்பான பகுதி. உன் கைக்கு எட்டாமல் கருப்பட்டி டப்பாவைப் பூட்டிவைத்தவள் நான். உன் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒவ்வொரு முறையும் ஏறியே வந்ததால், நீ திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாய் என்று குற்றம் சாட்டினேன். “சத்தியமா இல்லக்கா” என்றாய். நான் நம்பவில்லை. ஆனால் காலைத் தேத்தண்ணிக்கு அந்தப் பூட்டைத் திறந்து, துண்டை உடைத்து, உன் உள்ளங்கையில் வைத்தவளும் நான்தான். பரிசோதனைக்குப் போகும் நாளில், பஸ்ஸில் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று, சற்றுப் பெரிய துண்டாக வைத்தேன்.

“தேநீரில் சர்க்கரை போடுவதுண்டா?” என்று மருத்துவர் கேட்டபோதெல்லாம் இருவரும் ஒரே குரலில், “போடுவதே இல்லை” என்றோம். அது பொய்யன்று. தேநீரில் போடவில்லை. வாயில் போட்டோம்.

எண் ஏறியது, உன் இரவு மாத்திரையும் ஏறியது.

நடந்ததையெல்லாம் இப்போது என்னைப் பார்க்கும் மருத்துவரிடம் சொன்னேன். உன் மகள் மலரின் வயதிருக்கும் அவருக்கு. விரலைக் குத்திப் பார்க்கும் சிறு கருவியைத் தந்து, வேர்த்து விழிப்பு வரும்போது பார்க்கச் சொன்னார். அன்றிரவே பார்த்தேன். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாதாம். சர்க்கரை அதிகம் என்று நான் விழுங்கிய மாத்திரை, உறக்கத்தில் அதைப் பாதாளத்துக்கு இழுத்திருக்கிறது. அவர் இரவு மாத்திரையைக் குறைத்தார். வேர்வை நின்றது.

உன் பழைய மருந்துச் சீட்டுகளை அவர் முன் பரப்பினேன். நீ இறந்த காலையில் இதயம் நின்றதாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். “இப்படியும் இருந்திருக்குமா?” என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “இதயமாவும் இருக்கலாமுங்கம்மா. சக்கரை எறங்கினதாவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க” என்றார். இப்படி விடை எழுதும் மாணவனுக்கு நான் சுழியம் போட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது நேர்மையான விடை. அதுதான் என்னை அலைக்கழிக்கிறது. குற்றவாளி என்று சொல்லியிருந்தால் தண்டனையை ஏற்றிருப்பேன். இல்லை என்றிருந்தால் உறங்கியிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி எந்தப் பக்கம் புரண்டு படுப்பது?

இதை உன் மகளிடம் சொல்வதா, வேண்டாமா என்று மூன்று வாரம் தவித்தேன். சொல்லி என்ன பயன், தாயை மறுபடியும் சாகக் கொடுப்பதா என்று எண்ணினேன். அப்படி எண்ணியது அவளுக்காகவா எனக்காகவா என்பதும் குழப்பம்தான். போன வாரம் குந்தாவிலிருந்து மலரே தொலைபேசியில் அழைத்தாள். “எனக்கும் சுகர் வந்து ஆறு மாசமாச்சு பெரியம்மா. நீங்க ஏசுவீங்கன்னுதான் சொல்லல. மாத்திரைய ரெண்டு தடவ கூட்டிட்டாங்க. காலையில எந்திரிக்கவே முடியல, ஒடம்ப அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

உன் வாக்கியம், மருதாயி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

“மலர், ரத்தம் குடுக்கப் போற அன்னிக்குக் காலையில என்ன சாப்பிடுற?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே இல்ல பெரியம்மா. தேத்தண்ணி மட்டுந்தான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, பெரிய துண்டு, மாத்திரை, மருத்துவரின் மூன்று ‘இருக்கலாம்’. பிறகு அவள் கேட்டாள்: “அம்மா செத்ததுக்கு நீங்கதான் காரணம்னு நான் சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா? எதச் சொன்னா நீங்க தூங்குவீங்க பெரியம்மா?”

“இங்கே வா. இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னேன்.

மாத்திரை குறைந்து, வேர்வை நின்று, எண்கள் ஒழுங்குக்கு வந்தபின்னும் எனக்கு உறக்கம் கூடிவரவில்லை. அசதியும் பாதிதான் விட்டிருக்கிறது. மீதி எதனால் என்று மருத்துவர் தேடுகிறார். வயது என்கிறார், தைராய்டு பார்ப்போம் என்கிறார். போன முறை தயங்கித் தயங்கி, “மனசுல ஏதாச்சும் வருத்தமுங்களா?” என்று கேட்டார். “இரண்டு ஆண்டாக இருக்கிறதே, சீனி வருத்தம்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வெளியே வந்து யோசித்தால், எந்த வருத்தத்தைச் சொன்னேன் என்று எனக்கும் விளங்கவில்லை. உனக்காவது விளங்குகிறதா?

நேற்று மாலை மலர் வந்துவிட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, கண்ணைக் கசக்கியபடி அடுக்களை வாசலில் நின்றாள்.

“கேத்தல அடுப்புல வைக்கவா பெரியம்மா?”

“வைக்காதே.”

“ஒரு மடக்கு? சாயம் மட்டும்?”

“ஒரு மடக்கும் கிடையாது.”

“தேத்தண்ணி குடுக்காம வெளிய அனுப்புற ஊடு, எங்கம்மாவப் பெத்த வம்சத்துலயே இதுதான்” என்றாள். குரல் அப்படியே உன்னுடையது. “அசதியா இருக்கு, கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்று உன் கட்டிலின் அதே விளிம்பில் உட்கார்ந்தாள். எழுந்து நட என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பேனாவை வைத்துவிட்டுப் போய் அவள் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ரவிக்கை நனைந்திருந்தது. கருவியை எடுத்து அவள் விரலில் குத்தினேன். எழுபத்து நான்கு, தப்பித்தாள். பரிசோதனைக் கூடம் திறக்க இன்னும் அரை மணி நேரம். கருவி என் கைப்பையில் இருக்கிறது, ஒரு துண்டுக் கருப்பட்டியும் இருக்கிறது. எண் இதற்கும் கீழே இறங்கினால் பரிசோதனை கிடக்கட்டும், முதலில் துண்டு. அதற்கும் ஒரு காலம் உண்டு என்பதை இந்த வயதில் கற்றேன்.

உனக்கு நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கமாட்டேன், குற்றம் இன்னதென்று தெரியாமல் கேட்பது வெறும் சடங்கு. ஆனால் இனி எவளாவது என் முன் உட்கார்ந்து அசதி என்றால், முதலில் நம்புவேன். காரணத்தைப் பிறகு தேடுவேன். ‘சோம்பேறி’ என்று உனக்கு நான் வைத்த அந்தப் பெயரை, யாருக்கும் மறுபடி வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
வெறும் வயிற்றோடு, இம்முறை மெய்யாகவே,
உன் அக்கா பாக்கியம்