நாக்கடியில் ஐந்து சொட்டு

3-6-2025, செவ்வாய்

குண்டு மாமா, இன்றைக்கும் அடுப்பை மறந்துவிட்டேன். பாலை வைத்துவிட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். கடல் தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். கீழே வீடெல்லாம் புகை. நம் பேத்தி நிலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு சுந்தரவல்லிதான் ஓடிப்போய் அணைத்திருக்கிறாள். மேலே வந்து, “கொயந்த உள்ள கீது, நீ இங்க இன்னாக்கா காத்து வாங்கிக்கினு கீற?” என்று கேட்டாள்.

சாயங்காலம் தி.நகர் துணிக்கடையிலிருந்து தீபிகா வந்தாள். கருகின பாத்திரத்தையே பார்த்தாள். நம் பெண் கத்தினால் பரவாயில்லை, மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

“நைனா போனதுலேர்ந்து இது மூணாவது தபா. ஆடி பொறக்கறதுக்குள்ள நானும் கொயந்தயும் பெரும்பாக்கம் மாமியார் வூட்டுக்குப் போயிடறோம். ஆடில வூடு மாத்த முடியாது.”

நீ போய் எட்டு மாதம். இவர்களும் போய்விட்டால் நான் யாரோடு பேசுவது?

6-6-2025, வெள்ளி

அடையாறில் நான் சமைக்கும் வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அஸ்வின் தம்பி திட்டவில்லை. “அக்கா, உங்களுக்கும் என் கேஸ்தான் போல” என்று சிரித்தது.

ஏடிஹெச்டி என்று பேராம். மனசு ஓரிடத்தில் நிற்காதாம். பெரியவர்களுக்கும் உண்டாம். அந்தத் தம்பி ஒரு எண்ணெய் போட்டுக்கொள்கிறது, சிபிடி எண்ணெய். பாட்டிலில் இலைப்படம். 

“கஞ்சாவா தம்பி?”

“அதே செடிதான்க்கா. ஆனா போதை ஏறாது. எனக்குப் படபடப்பு குறையுது, நல்லா தூங்குறேன்.”

“மறதி?”

“சரியா சொல்லத் தெரியலக்கா.”

பாதி பாட்டில் கொடுத்தது. பஸ்ஸில் போலீஸ்காரர் ஏறினார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் கடலில் எறிந்திருப்பாய்.

9-6-2025, திங்கள்

நாக்கடியில் ஐந்து சொட்டு. புல்லைக் கடித்த மாதிரி இருக்கிறது.

12-6-2025, வியாழன்

இன்றைக்கு அழவில்லை. அதுவும் மருந்தாலா?

17-6-2025, செவ்வாய்

எட்டு மாதத்தில் முதல் தடவையாக விடியும் வரை தூங்கினேன். ஆனால் சாவியை மயிலாப்பூர் காய்கறிக் கடையில் விட்டுவிட்டு வந்து கதவு முன்னால் நின்றேன். தூக்கம் கொடுத்த எண்ணெய் சாவியைக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போட்டால் பிடிக்குமோ? ஆடிக்கு ஒரு மாதம் இருக்கிறது.

23-6-2025, திங்கள்

எழுதவே கை வரல. காலைல சொட்டு போட்டேனா இல்லையா தெரியல. போடலன்னு நெனச்சு போட்டேன். அப்புறம் மறுபடியும் சந்தேகம், மறுபடியும் போட்டேன். மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். நிலா கதவைத் திறந்து தானா கீழ இறங்கிப் போயிருக்கு. ரோடு தாண்டி மீன் கடைல, ஐஸ் பெட்டிக்குள்ள கைய வச்சி விளையாடிக்கிட்டு நின்னுதாம். சுந்தரவல்லி தூக்கிக்கிட்டு வந்தா. ரோடு தாண்டி மாமா. ரோடு தாண்டி.

தீபிகா பாட்டிலைப் பார்த்துட்டா.

“கஞ்சாவா? கொயந்தய வச்சிக்கினு?”

“மருந்துடீ.”

“எந்த டாக்டரு குடுத்தாரு, சொல்லு.”

பெட்டிய எடுத்து துணி அடுக்க ஆரம்பிச்சுட்டா.

25-6-2025, புதன்

பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மனநல டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதால கவனம் சரியாகும்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இல்லம்மா. தூக்கம் வரும், சிலருக்குப் படபடப்பு குறையலாம். யாரையும் கேக்காம இதைப் போட்டுக்கிட்டு குழந்தையைப் பாக்காதீங்க.”

வேறு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் முதலில் அந்த நோய்தானா என்று தெரியவேண்டும். துக்கத்திலும் ஞாபகம் போகுமாம். “சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?”

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவிடமாட்டார், வெளியேயே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று. படிப்பு ஏறாது என்று அம்மா நிறுத்திவிட்டாள். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு ஒரு தாள் கொடுத்தார். “ரொம்ப வருஷம் கூட இருந்தவங்க நிரப்பணும். வீட்டுக்காரர் இருக்காரா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

27-6-2025, வெள்ளி

உன் தாளை நானே பென்சிலால் நிரப்பினேன். பொருளைத் தொலைப்பாரா? நீ இருந்தவரை நான் எதையும் தொலைத்ததில்லை. அடுப்பை, தண்ணீர்க் குழாயை மூட மறப்பாரா? நீ இருந்தவரை நம் வீட்டில் ஒரு பாத்திரம் கருகியதில்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டேன். அப்படியென்றால் எனக்கு நோய் இல்லை. வெறும் கவனமில்லாத பொம்பளை.

30-6-2025, திங்கள்

அந்தத் தாளை தீபிகா பார்த்தாள். பெட்டி இன்னும் கதவருகேதான் இருக்கிறது. படித்தாள், ரப்பரைத் தேடி எடுத்தாள். ஒவ்வொன்றாக அழித்தாள்.

“இன்னா இல்ல? எல்லாம் ஆமாதான்.”

“உங்கப்பா இருந்தப்போ—”

“நைனா இருந்ததாலதான்மா.”

பிறகு சொன்னாள். தினமும் காலையில் நீ ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பி, சாந்தோம் வரை போய்த் திரும்பி வருவாயே, துண்டை விட்டுட்டேன், கண்ணாடியை விட்டுட்டேன் என்று. நீ எதையும் விடவில்லையாம். அடுப்பைப் பார்க்க வந்தாயாம். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது இவளிடம் சொல்லியிருக்கிறாய்: “உங்கம்மாகிட்ட சொல்லாத. மனசு ஒடஞ்சிடுவா.”

நான் உன்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். தெருவே கேட்க, “சரியான மறதி கேஸு, தலையைக் கழட்டி வச்சுட்டுப் போயிடுவ” என்று. நீ சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போவாய்.



4-7-2025, வெள்ளி

இரண்டும்தான் என்றார் டாக்டரம்மா. பழைய நோயும், புதுத் துக்கமும். காலையில் ஒரு மாத்திரை. தீபிகாதான் எடுத்துக் கொடுக்கிறாள். மிச்ச எண்ணெயை அஸ்வின் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன். தம்பியும் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறதாம்.

14-7-2025, திங்கள்

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. இவர்கள் போகவில்லை. பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. ஆனால் நிலாவைப் பகலில் அங்கன்வாடியில் விடுகிறாள். தீபிகா வீட்டில் இருந்தால்தான் என் மடியில் குழந்தை. அவள் மேல் குற்றமில்லை.

இன்றைக்கு ஒரு கிலோ அவரைக்காயை நடுவில் எழுந்திருக்காமல் நறுக்கி முடித்தேன். எண்ணெயை விட்டபிறகு அழுகை திரும்ப வந்துவிட்டது. வரட்டும்.

காலையில் தீபிகா வேலைக்குக் கிளம்பிப் போனாள். பத்து நிமிஷத்தில் படியேறித் திரும்பி வந்தாள். “சீப்ப வுட்டுட்டேன்மா” என்று சமையலறைக்குள் போனாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருஷம், மாமா. ஒரு நாளாவது உனக்கு அலுத்துப் போகலையா?