காத்து பாத்தாச்சா?

இன்று காலை, கட்சிக்காரர் எவரும் வருவதற்கு முன்பே, என் வீட்டு முன்பக்க அலுவலக அறைக்குள் பிரேக் ஆயிலின் வாசனை நுழைந்தது. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்தது போன்ற அந்த வாசனையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மச்சான். நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் பட்டறை முதலாளி நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார வைத்துவிட்டு, கையிலிருந்த வழக்குக் கட்டைக் கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்து முடித்தேன். அந்தக் கட்டில் அவசரம் எதுவும் இல்லை.

அவர் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. இறந்தவருக்கு எழுதும் மடல் உயிரோடிருப்பவர் கையில் சிக்காது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மானநஷ்டத்துக்கு இடம் வைத்து எழுதும் வழக்கமும் எனக்கில்லை. நீ என்னிடம் சொன்னதையும், சாட்சியத்தில் வந்ததையும், என் கண்ணால் கண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை கொள்முதலுக்குப் போய்வருவதற்காக நீ அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கினாய். வியாபாரம் ஒரு சாக்குதான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் அதைக் குளிப்பாட்டுவாய். தொழுகை முடிந்து வந்ததும் கடலூர் கோர்ட்டு வாசலில் நிறுத்தி ஆரன் அடிப்பாய். என் குமாஸ்தா சிரிக்காமல் வந்து, "ஒங்க மச்சான் கத்துறாரு சார்" என்பார். நாம் இருவரும் எந்த உறவிலும் மச்சான் முறை ஆகமாட்டோம் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் அந்த உறவை நம்பிவிட்டிருந்தது.

பிரேக் ஷூவையும் சக்கரச் சிலிண்டர்களின் கப் ரப்பரையும் மாற்ற வண்டியைப் பட்டறையில் விட்டாய். திரும்ப எடுக்கப் போனபோது, உட்கார்ந்து பெடலை மிதித்தாய். அது தடையில்லாமல் அடிப்பலகை வரை போயிற்று. "என்னா மொதலாளி, பஞ்சு மூட்டைய மிதிக்கிற மாதிரி போவுது?" என்று கேட்டாய். முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எழுந்திருக்காமலேயே கொட்டகைக்குள் குரல் கொடுத்தார்: "ஏழுமல, காத்து பாத்தாச்சா?" உள்ளேயிருந்து பதில் வந்தது: "நாலுலயும் பாத்தாச்சுங்க." முதலாளி உன்னிடம் திரும்பி, புது ரப்பர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடக் கெட்டிப்படும், அதுவரை ரெண்டு தட்டு தட்டி மிதித்துக்கொள் என்றார். நீ தட்டினாய். பெடல் மேலே ஏறி நின்றது. நம்பினாய்.

தொழில் தெரிந்தவன் சரி என்று சொன்னதைத் தொழில் தெரியாதவன் நம்புவது அசட்டையாகுமா என்பதைத்தான் பின்னால் நான் கோர்ட்டில் வாதிட வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் ஒரு வியாபாரியைப் பார்க்க அந்த வாரமே கிளம்பினாய். குறிஞ்சிப்பாடி வரை தட்டித் தட்டியே ஓட்டினாய். புவனகிரி கடைத்தெருவில், பாலத்துக்குச் சற்று முன்பு, நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நெசவாளர் ஒருவர் குறுக்கே திரும்பினார். அங்கே இரண்டு முறை தட்ட அவகாசமில்லை. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அசட்டையாக வண்டி ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்ததாக உன்மேல் வழக்கு. வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, பிரேக் வேலை செய்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டார். கோர்ட்டு அனுமதி பெற்று, போலீஸ் நிலையத்தில் கிடந்த அந்த வண்டியில் நான் போய் உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த கையேட்டைச் சாட்சியச் சட்டம் படித்த கவனத்தோடு படித்திருந்தேன். எண்ணெய் ஒழுகியிருந்தால் சக்கரத்தின் உட்புறம் நனைந்திருக்க வேண்டும், காய்ந்திருந்தது. மாஸ்டர் சிலிண்டர் பழுதென்றால், மிதித்துப் பிடித்த பெடல் காலடியில் மெல்ல மெல்லத் தாழ வேண்டும், தாழவில்லை. ஷூவை நெருக்கி வைக்காதது காரணமென்றால், பெடல் கீழே போனாலும் போன இடத்தில் கல்லாக நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. காலுக்கடியில் ரப்பர்ப் பந்து போலத் துள்ளிற்று. அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறிற்று. சற்று விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி கீழே போயிற்று. எண்ணெய் நசுங்காது. காற்று நசுங்கும். புதிதாக எண்ணெய் ஊற்றிய குழாய்களுக்குள் காற்று இருந்தது. அதை யாரும் வெளியேற்றவில்லை.

ஆனால் காற்றுப் பார்த்தாயிற்று என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒருவன் சொன்னதை நீயே உன் காதால் கேட்டிருக்கிறாய். அங்கேதான் நான் இடறிக்கொண்டிருந்தேன். ஏழுமலை பொய் சொன்னானா? பொய் சொல்பவன் "நாலுலயும்" என்று ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்? விசாரணைக்கு முந்தைய நாள், என் வீட்டு வாசலில் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, எதிர்க் கடைக்காரரிடம் "கொஞ்சம் காத்து பாத்துக்குடு மாமா" என்றான். கடைக்காரர் பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

சிதம்பரம் கோர்ட்டில் முதலாளி சாட்சி சொன்ன தோரணை உனக்கு நினைவிருக்கும். பிரேக்கில் காற்று எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். பாய்க்கு வண்டி ஓட்டப் போதிய பழக்கமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இடைவேளையில் வராந்தாவில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம் அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "கப்பல்ல போயி பொழச்ச ஜனம். கப்பலுக்கு ஏது பிரேக்கு? பாய் அந்த நெனப்புல ஓட்டிட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். பினாங்கில் கடை வைத்திருந்த உன் அத்தாவின் பெயரை உச்சரிக்கும்போதே தலையில் தொப்பியைச் சரிசெய்துகொள்பவன் நீ. அன்று நீயும் பணிவாகச் சிரித்துவைத்தாய். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் எழுதாத ஒரு பிராதாக மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பரிசோதித்த அதிகாரி, குறுக்கு விசாரணையில், மூன்று நான்கு தடவை மிதித்த பிறகே பெடல் நின்றது என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு ஏழுமலையை நம் தரப்புச் சாட்சியாக அழைத்தேன். அதற்குள் அவன் பட்டறையை விட்டு லாரி வேலைக்குப் போயிருந்தான்.

"நாலுலயும் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே, எந்த நாலு?"

"சக்கரம் நாலுங்க."

"என்ன செஞ்சீங்க?"

"பம்பு வச்சுக் காத்து அடிச்சேங்க. ஒண்ணுல கம்மியா இருந்துது."

"பிரேக்குல?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பிரேக்குல போயி யாராவது காத்து அடிப்பாங்களா சார்?"

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். முதலாளி தலை கவிழ்ந்திருந்தார். ஒருவர் எடுக்கச் சொன்ன காற்றை மற்றவர் அடித்திருக்கிறார். "பாத்தாச்சு" என்ற சொல் இரண்டுக்கும் பொருந்திவிட்டது. அது ஏழுமலையின் குற்றமல்ல. எழுந்து வந்து ஒரு முறை பெடலில் கால் வைத்துப் பார்க்காததும், பார்த்ததாகச் சத்தியம் செய்ததும் யாருடைய குற்றமென்று உனக்கும் தெரியும்.

நீ விடுதலை ஆனாய். அன்று மாலையே பொய்ச் சாட்சிக்காக அவர்மேல் மனுக் கொடுக்க நான் பேனாவைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேணாம் மச்சான். அவரும் புள்ளகுட்டிக்காரரு. அல்லா பாத்துக்குவான்." மனுவை நான் எழுதவில்லை. உன் சொல்லை எழுத்துக்கு எழுத்து மதித்தேன். நீ தடுத்தது மனுவை. வேறெதையும் நீ தடுத்ததாக நான் பொருள் கொள்ளவில்லை.

விடுதலைத் தீர்ப்பு புவனகிரிக்குப் போய்ச் சேரவில்லை, மச்சான். மாதந்தோறும் நீ அந்த நெசவாளர் வீட்டுக்குப் போவாய். ஒருமுறை நானும் உடன் வந்தேன். அவர் உனக்கு முகம் கொடுத்துப் பேசினார். உட்காரப் பாய் போட்டார். ஆனால் நாம் தெருவில் நுழைந்ததும் ஒரு பெண்மணி உள்நோக்கிக் குரல் கொடுத்தாள்: "இடிச்ச பாய் வந்திருக்காரு." வெறுப்போடு சொல்லவில்லை. அது உன் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. நீ அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து, சலாம் சொன்னாய்.

அன்று முடிவு செய்தேன். பெயருக்குப் பெயர்.

அடுத்த வாரம் கடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் முதலாளியைக் கண்டேன். எதிரே போய் நின்று, கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, மிகுந்த மரியாதையோடு கேட்டேன்: "காத்து பாத்தாச்சா மொதலாளி?" வழக்கை அறிந்த வக்கீல்கள் இருவர் இலையிலேயே சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பட்டறைக்காரரை ஒரு வாடிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்வி. எந்தச் சட்டத்திலும் அதற்குத் தண்டனை கிடையாது. மறுமுறை பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். அதற்குள் வக்கீல் குமாஸ்தாக்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள், அவர்களிடமிருந்து கண்டக்டர்கள், அவர்களிடமிருந்து ஊர். பட்டறையின் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது 'காத்துப் பட்டறை' ஆயிற்று. அவர் குறிஞ்சிப்பாடிக்குக் கடையை மாற்றினார். கேள்வி அவருக்கு முந்திய பஸ்ஸிலேயே போய் இறங்கியிருந்தது.

நீ என்னைக் கடிந்துகொண்டாய். "போதும் மச்சான், மனுசன் கூசிப் போயிட்டாரு" என்றாய். யோசிக்கிறேன் என்று சொன்னேன். யோசித்துக்கொண்டும் இருந்தேன். உன் இதயம் நின்றுபோன நாளில், கடலூர் முதுநகர் பள்ளிவாசல் வாசலில், புவனகிரிப் பக்கத்துக்காரர் ஒருவர் அருகில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு, அந்த இடிச்ச பாயா?" அத்துடன் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்று வந்தவர் எதிரே உட்கார்ந்து, துண்டைத் திருகிக்கொண்டே பேசினார். மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பேச்செல்லாம் நல்லபடி முடிந்து தட்டை மாற்றும் சமயத்தில், மாப்பிள்ளையின் மாமன் இவரைப் பார்த்து, "காத்து பாத்தாச்சா சம்பந்தி?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

"எம்பொண்ணு உள்ளேருந்து கேட்டுக்கிட்டு இருந்தா சார். வேற யார் சொன்னாலும் நிக்காது. நீங்க சொன்னா நிக்கும்."

நிற்குமா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஒரு நிபந்தனை சொன்னேன். என்னோடு புவனகிரிக்கு வர வேண்டும். அந்த நெசவாளர் வீட்டு வாசலில் நின்று, தெரு கேட்க, பாய்மேல் தவறில்லை, நான்தான் காற்று எடுக்காமல் வண்டியைக் கொடுத்தேன், எடுத்ததாகப் பொய்ச் சத்தியமும் செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, நானே ஊர் ஊராகப் போய் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுபோன கேசு சார் அது," என்றார். பிறகு தலையைத் தூக்கி, "பாய் உசுரோட இருந்தா என்ன மன்னிச்சிருப்பாரு" என்றார்.

"இருந்தப்ப ஏன் போகல?"

அவர் எழுந்தார். நானும் எழுந்து, மரியாதை குறையாமல் வாசல் வரை கூடவே போனேன். அவர் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும், கைகூப்பி, வழக்கமான குரலில் கேட்டேன். எதிர்க் கடைக்காரர் சிரித்தார். முதலாளி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்த வாசனை இந்த அறையில் இன்னும் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இன்று அவரைப் பின்தொடர்ந்து ஓடியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். கையேட்டில் அன்று படித்தது மறக்கவில்லை, மச்சான். பிரேக்கிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து, காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்துவிட வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமல்ல. திறந்துவிடுகிற ஆள் நீ. போய்விட்டாய். நான் மிதித்த காலை இன்னும் எடுக்கவில்லை.