நுரைக்காத சரக்கு

21-5-79, திங்கள். போடிமெட்டுப் பக்கம் கருமேகம். மழை இன்னும் இறங்கவில்லை.

தம்பி சுருளி செய்தது அநியாயம். என்னைக் கேட்காமல், ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்து டிரம்மில் துணி சோப்பைக் கரைத்து ஊற்றிவிட்டான். மருந்து இலையில் ஒட்ட நான் மதுரையில் சொல்லி வரவழைத்த திரவம் ஷெட்டு மூலையில் கிடக்கிறது. அதில் நுரை வரவில்லையாம்.

"நுரைக்காத சரக்கை உங்க தலையில கட்டிட்டான் மதுரைக் கடைக்காரன்ண்ணே."

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தில் சோப்பு விழுந்தால்? திரிந்த பால். பம்பில் மருந்து பீச்சும் நாசில் அடைப்பு. வேலைக்கு வந்த பேச்சி குச்சியால் குத்தி ஓய்ந்துபோய், "தயிர் கடையவா அய்யா மலைக்குக் கூட்டியாந்தீக?" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மழைக்கு முன் மருந்து படியாவிட்டால் காய் அழுகும். போன வருஷம் கீழ்ச்சரிவு அப்படித்தான் போனது.

22-5-79. மப்பு. முழங்கால் தேவலை. சட்டைக்குப் பொத்தான் வாங்க வேண்டும்.

அகராதியை வைத்துக்கொண்டு டின் லேபிளைப் படித்தேன். நான்-அயானிக். மின்னேற்றம் இல்லாத வகை. சுண்ணாம்போ உப்புத்தண்ணீரோ, எதிலும் திரியாது. சோப்பு சுண்ணாம்பைக் கண்டால் கட்டிதட்டும். நுரைக்கும் ஒட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

சுருளி விடவில்லை. காப்பிக்குக் கொதித்த தண்ணீரை டம்ளரில் எடுத்து, திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினான். வெள்ளையாகக் கலங்கியது.

"பாத்தீகளாண்ணே? கெட்டுப்போனது."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டம்ளரைச் சன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கருவாட்டுக் குழம்பு. அருமை. வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கிறது! மறுபடி சூடாக்கினேன், கலங்கியது. ஆறியது, தெளிந்தது. அதன் சுபாவம் போல. லேபிளில் இது இல்லை.

24-5-79, வியாழன். விடியத் தூறல், நின்றுவிட்டது.

வெறும் மருந்து ஏல இலையில் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. திரவம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். இலை முழுக்கப் பரவிப் படுத்துக்கொண்டது. பார்க்கவே மனசு குளிர்ந்தது. சுருளி குனிந்து பார்த்தான்.

"படியத்தான் செய்யுது. துளி நுரையும் இருந்தா நல்லாருக்கும்ண்ணே."

கழுதை. தப்பென்று ஒரு வார்த்தை இல்லை. நானும் விடப்போவதில்லை.

நாளை, மழை பிடிப்பதற்குள்:

டிரம், நாசில் கழுவ: சுருளி. அவனே. ஆளை ஏவக்கூடாது.

ஓடைத்தண்ணீர் சுமக்க: பேச்சியும் அவள் புருஷனும்.

மருந்து கலக்க: நான். பச்சைத்தண்ணீர் மட்டும். திரவம் கடைசியில்.

கீழ்ச்சரிவை முதலில் அடிக்க: பம்பு சுருளி, குழாய் என் கையில்.