கோட்டின் உச்சியில்

மாசி, வியாழன்

இண்டைக்கு எங்கட வெக்ஸ்போர்ட் பக்கத்துச் சனசமூக நிலையத்தில ஒரு கூட்டம். கஞ்சாவைச் சட்டம் அனுமதிச்ச பிறகு குற்றம் கூடினதோ குறைஞ்சதோ எண்டு ஒரு பிள்ளை வரைபடம் காட்டினாள். கோடு நல்லாக் கீழ இறங்கியிருந்தது. முந்தி கொஞ்சம் வைச்சிருந்து பிடிபட்ட ஆக்களையும் எண்ணினதோ எண்டு கேட்டன்.

“ஓம் அங்கிள், அப்ப அதுவும் குற்றம்தானே.”

அந்தத் தாளை வீட்டை கொண்டு வந்து மனிசிக்கு விளங்கப்படுத்தினன். அவ கோட்டின்ர உச்சியில விரலை வைச்சா.

“எங்கட பிள்ளையும் இதுக்குள்ளதான் இருக்கிறான், என்ன?”

அந்தக் கஞ்சாக் கேஸோட படிப்பையும் எங்களையும் விட்டிட்டுப் போனவன், இன்னும் வரேல்லை.

“பொலிசுக்குச் சொல்லிக் குடுத்த உந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நல்லாயிருக்க மாட்டான்” எண்டு திரும்பவும் திட்டினா.

மகன்ர பையில கஞ்சாவைக் கண்ட உடன, பயந்து திருந்தட்டும் எண்டு பொலிசைக் கூப்பிட்டது நான். அதை அவவுக்கு இண்டைக்கும் சொல்லேல்லை.